அளவு நாடாவை எடுங்கள், தங்கச்சி

கேள்வி: எனக்கு 47 வயது. அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர் ஒன்றில் இருக்கிறேன். தையல்தான் தொழில். வலது மார்பில் கட்டி வந்து, பத்து மாதத்துக்கு முன் மார்பையும் கக்கத்தில் இருந்த கணுக்களையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றி, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து இரண்டு மாதம். இப்போது, நோய் திரும்பாமலிருக்கத் தருகிற தமொக்சிபன் குளிசை மட்டும், இரவில். கை தோளுக்கு மேலே போகவில்லை. கக்கத்திலிருந்து முழங்கை வரை தோலுக்குள் ஒரு நூலை இழுத்துக் கட்டியதுபோல இருக்கிறது. பின்னேரமானால் கை கனக்கிறது, காப்பு இறுகுகிறது. விடியக் காலையில் பார்த்தால் தளர்ந்திருக்கும். வாட்டில் ஒருவரும் பயிற்சி சொல்லித் தரவில்லை. 'கையை அசைத்தால் நீர் இறங்கி வீங்கும்' என்று அம்மாவும் அக்காவும் ஒரு வேலையும் செய்ய விடுகிறார்கள் இல்லை. மெசினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கணவர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் விறாந்தையில் படுக்கிறார். மகளுக்கு 22 வயது, கல்யாணம் பேசுகிறோம். வெளியில் தெரியக் கூடாது என்கிறார்கள். ஒரு பக்கம் வெறுமையாக இருப்பதால் வைகாசிச் சடங்குக்குக்கூட கோயிலுக்குப் போகவில்லை. அம்மனுக்கு முன்னால் இப்படிப் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது. நான் இனித் தைக்கலாமா?

பதில்: தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். தைக்கலாம். மெசினை மூடியிருக்கிற துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மெல்லிய துணி, நேரான தையல், இருபது நிமிடம். தொடங்க அது போதும்.

மட்டக்களப்பில் பிசியோதெரப்பி வேலையில் எனக்கு இருபது வருடம் தாண்டிவிட்டது. மார்பு எடுத்த பிறகு கையைத் தூக்க ஏலாமல் வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனையோ பேர் உங்களைப் போல, வீட்டில் பாசம் கூடிப்போய்க் கை இறுகினவர்கள். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகளுக்குத் தாய் வளவிலேயே வீடு. அக்கா வேலிக்கு அந்தப்பக்கம், சின்னம்மா இந்தப்பக்கம். நோய் என்று தெரிந்த அன்றைக்கே மூன்று வீட்டு அடுப்பும் ஒன்றாகிவிடும். கிணற்றடிக்குப் போனால் வாளியைப் பறிக்க ஒரு ஆள் நிற்கும். தேங்காய் துருவ உட்கார்ந்தால் எழுப்பிவிட இன்னொரு ஆள் வரும். மருந்து ஏற்றுகிற மாதங்களில் அந்தத் துணை இல்லாவிட்டால் ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவையும் அக்காவையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இனியும் உங்களை இருத்தி வைத்தால் அந்தத் தோள் பூட்டிக்கொண்டுவிடும்.

மார்பு எடுத்த அடுத்த நாளே விரலை மடக்கி நீட்டவும், மணிக்கட்டையும் முழங்கையையும் அசைக்கவும் தொடங்க வேண்டும். நீர் வடிகிற குழாய் இருக்கிற நாட்களில் கையைத் தோள் மட்டத்துக்கு மேலே கொண்டுபோவதில்லை. குழாய் எடுத்து, காயமும் ஆறத் தொடங்கினால் சிறிது சிறிதாக முழு உயரத்துக்கும் கொண்டுபோக வேண்டும். இதை உங்களுக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் துறையின் குறை, உங்கள் குறை அல்ல. பத்து மாதம் கழித்தும் திருத்தலாம், ஆனால் நாள் எடுக்கும். கதிர் பட்ட இடத்துச் சதை, சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். அதனால் இந்தப் பயிற்சிகளை ஒரு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். பல் விளக்குவதுபோல நினைத்து ஒன்றிரண்டு வருடம் செய்ய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்த வாரமே உங்கள் புற்றுநோய்க் கிளினிக்கில் கையைக் காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பது நிணநீர் தேங்கி வருகிற வீக்கம் போலத்தான் தெரிகிறது. என்றாலும் இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டாலும் கை வீங்கும். நோய் திரும்பி வந்தாலும் வீங்கலாம். புதிதாக வந்த வீக்கத்தை டொக்டர் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். அப்போதே 'பிசியோதெரப்பிக்கு ஒரு துண்டு எழுதித் தாங்கோ' என்று வாய் திறந்து கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரத் தூரமாக இருந்தால் உங்களுக்குக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலையில் விசாரியுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

வீக்கம் ஏன் வருகிறது என்று அக்காவுக்கு விளங்கப்படுத்த ஒரு வழி சொல்கிறேன். வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் வருகிறது, மிஞ்சினது வடிச்சலில் இறங்கிப் போகிறது. கைக்கும் அப்படித்தான். இரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீரில் ஒரு பங்கு நிணநீர்க் குழாய்கள் வழியே கக்கத்துக்கு ஏறி, அங்கே பயறும் அவரை விதையும் போல இருக்கிற கணுக்களைத் தாண்டி நெஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. அந்தக் கணுக்களை எடுத்து, மிச்சத்துக்குக் கதிரும் வைத்தால் வடிச்சல் ஒடுங்கிவிடும். பள்ளத்து வயலில் தண்ணீர் நிற்கும். இரத்தத்தை இதயம் தள்ளுகிறது. நிணநீருக்கு அப்படி ஒரு இதயம் இல்லை. தசை சுருங்கி விரிவதும், நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து விடுவதும்தான் அதை மேலே தள்ள உதவுகின்றன. ஆகவே கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தால் நீர் இருந்த இடத்திலேயே நிற்கும். 'அசைத்தால் நீர் இறங்கும்' என்று சொல்கிறவர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

கக்கத்துக் கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. ஓரிரு கணுவை மட்டும் பரிசோதனைக்கு எடுத்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு. சிலருக்கு வருடங்கள் கழித்தும் வரும். விடியக் காலையில் காப்பு தளர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். இரவில் இறங்குகிற வீக்கம் தொடக்க நிலையில் இருக்கிறது. இப்போது பிடித்தால் அடக்கலாம். வருடக்கணக்கில் விட்டால் தோல் தடித்துப்போகும், பிறகு முழுதாக இறங்காது. காப்பைக் கழற்றி இடது கையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் அளவு நாடாவை எடுங்கள். இந்த வீக்கத்துக்கு நாங்கள் கிளினிக்கில் வைத்திருக்கிற முதல் கருவியும் அதுதான். உங்கள் அளவுக்கு அதைப் பிடிக்கத் தெரிந்த கை எங்களிடம் இல்லை. சுவரோரமாக இருந்து கையை மேசையில் நீட்டி வையுங்கள். மணிக்கட்டிலிருந்து மேலே 10 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியாகக் கக்கம் வரை பேனையால் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவு எடுங்கள். பிறகு இடது கையிலும் அதே இடங்களில். சாறிச் சட்டைக்குக் கை அளவெடுக்கும்போது நாடாவுக்குள் ஒரு விரல் விடுவீர்கள். இதற்கு விரல் விட வேண்டாம், தோலை அமுக்கவும் வேண்டாம். நாடா தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஓடர் எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதி போட்டு எழுதி வையுங்கள். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே நேரத்தில். வலது கைக்காரருக்கு வலது கை கொஞ்சம் பருமனாகவே இருக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். ஏதாவது ஒரு புள்ளியில் வித்தியாசம் 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அல்லது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்துக்கொண்டிருக்காமல் வந்துவிடுங்கள்.

அந்த நூல். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எழுதிய இடத்தில் எழுத்து நடுங்கியிருக்கிறது, நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயந்திருப்பீர்கள். கக்கத்தில் சத்திரசிகிச்சை செய்த பலருக்கு, சில கிழமைகளில் இப்படி ஒன்றோ இரண்டோ நூல் எழும்பும். கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோலுக்குக் கீழே தங்கூசி இழுத்துக் கட்டினதுபோல விறைத்து நிற்கும். அடைபட்டுத் தடித்துப்போன நிணநீர்க் குழாய்தான் அது என்று கருதுகிறோம். புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே போகும். உங்களுக்குப் போகாமல் இருப்பதற்குக் கையை நீட்டாமல் வைத்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கையால் கக்கத்துப் பக்கத்துத் தோலை மெல்லப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டி நீட்டி இளக்குகிற முறை ஒன்று உண்டு. அதைப் பிசியோதெரப்பியில் நேரில் பழகிக்கொள்ளுங்கள். சில வேளை நீட்டும்போது 'டக்' என்று சத்தம் கேட்டு நூல் விட்டுப்போகும். அதற்கும் பயப்படத் தேவையில்லை. வேண்டுமென்று வெடுக்கென்று இழுத்து அறுக்கப் பார்க்காதீர்கள்.

மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போனது போலவும், இல்லாத மார்பில் அரிப்பது போலவும் சிலருக்கு இருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிறவர்கள் கூட. கக்கத்தைத் தாண்டியும் மார்புக்கும் போகிற உணர்வு நரம்புகள் வெட்டுப்பட்டதால் வருவது அது, மனக்கோளாறு அல்ல. மரத்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் ஸ்திரிக்கைப் பெட்டியில் மட்டும் கவனமாக இருங்கள்.

வீட்டில் செய்ய மூன்று பயிற்சி சொல்கிறேன். இவற்றுக்கு மேலே உங்கள் கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது சுவர். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களை நண்டு ஊருகிற மாதிரி மேலே மேலே ஏற்றுங்கள். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து மெல்ல விடுங்கள். ஐந்து மூச்சு. பிறகு விரலால் நடந்தே இறக்குங்கள், கையைத் தொப்பென்று போட வேண்டாம். விரல் எட்டிய இடத்தில் தையல் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பத்துத் தடவை, காலை பின்னேரம். இழுப்புத் தெரியலாம், பல்லைக் கடிக்கிற வலி கூடாது. ஒரு கிழமையில் அந்தக் கோடு ஒரு விரல்கடை உயர்ந்தாலும் அது முன்னேற்றம்தான். அம்மாவும் அக்காவும் போகவர அந்தக் கோடுகளைப் பார்க்கட்டும்.

இரண்டாவது கப்பி. கிணற்றில் பூட்டுகிற கப்பி ஒன்றை விறாந்தை வளையில் கட்டி, கயிற்றைப் போட்டு, கீழே கதிரையில் இருங்கள். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, இடது கையால் கீழே இழுத்தால் வலது கை தானாக மேலே போகும். பூட்டின தோளை மற்றக் கை தூக்கிக் கொடுக்கிறது. வைத்தியசாலையிலும் இதே கப்பிதான் சுவரில் தொங்குகிறது.

மூன்றாவது தலைமுடி. மருந்தில் கொட்டின முடி இப்போது கொஞ்சமாவது வளர்ந்திருக்கும். மகள் சீவிவிடுகிறாளாக்கும். நாளையிலிருந்து நீங்களே சீவுங்கள். முதலில் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு காதோரம். பிறகு உச்சி, பிறகு பிடரி. படுவான்கரையிலிருந்து பன்பாய் பின்னுகிற அக்கா ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். முதல் நாள் 'ஏலாதுகா, கை என்ர கை மாதிரியே இல்ல' என்று அழுதவர். ஆறாம் கிழமை உள்ளே வந்து என்னோடு ஒன்றும் பேசாமல் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். கொண்டை கட்டியிருந்தார். கொஞ்சம் வலப்பக்கம் சரிந்த கொண்டை, யாரும் கட்டிவிட்டதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

வீட்டு வேலைக்கு வருவோம். துணி மடிக்கலாம், காயப்போடலாம். கொடியில் துணி போடுவதே ஒரு பயிற்சி. முற்றம் கூட்டலாம், கைமாற்றிக் கைமாற்றி. தேங்காய் துருவுவதைப் பாதித் தேங்காயில் தொடங்குங்கள். கிணற்றில் அள்ளும்போது அரை வாளி, இரண்டு கையாலும். உலக்கை பிடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். பாரமே தூக்கக் கூடாது என்று முந்தி நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. ஒரு பகுதியினர் கைக்கு அழுத்த உறை போட்டுக்கொண்டு, வாரம் இரண்டு தடவை, சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு வருடம் பாரம் தூக்கினார்கள். தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. கைக்குப் பலம் வந்தது, வீக்கம் திடீரென்று மோசமாகிற தடவைகளும் குறைந்தன. ஆகவே கிளினிக்கில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பத்துத் தடவை மடக்கி நீட்டத் தொடங்குங்கள். இரண்டு மூன்று கிழமை கை குழப்படி செய்யாவிட்டால் கொஞ்சம் கூட்டலாம். திடீரென்று ஒரு நாள் உற்சாகத்தில் அரிசி மூட்டையைத் தூக்குவதுதான் ஆபத்து.

தைக்கும்போது மேசை முழங்கை மட்டத்தில் இருக்கட்டும். தோளை உயர்த்திக்கொண்டு தைக்காதீர்கள், பழைய பழக்கத்தில் நீங்கள் அறியாமலே உயரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, கையை மேலே தூக்கி விரலை இருபது தடவை மடக்கி விரியுங்கள். தடித்த துணி வெட்டுகிற பாரமான கத்தரிக்கோலைக் கொஞ்ச நாள் மகளிடம் கொடுங்கள். கையால் கொக்கி தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலுக்கு உறை போடுங்கள்.

ஊசி குத்துவதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வடிச்சல் ஒடுங்கின கைக்குக் கிருமியை எதிர்க்கிற பலம் குறைவு. மீன் முள், இறால் மூக்கு, நண்டுக் கால், பூனைக் கீறல், நுளம்புக் கடி, எண்ணெய்ச் சட்டித் தெறிப்பு, எல்லாமே ஒன்றுதான். மீன் வெட்டும்போது றபர் கையுறை போடுங்கள். குளித்து முடிய, ஈரம் துடைத்து, தோல் வெடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயிலில் நின்றால் வீக்கம் கூடும், பின்னேரம் தலையணையில் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்துக் கொஞ்சம் சாயுங்கள். இரத்தம் எடுப்பதையும் பிரஷர் பார்ப்பதையும் முடிந்தவரை இடது கையில் செய்யச் சொல்லுங்கள். அவசரத்துக்கு வலது கையில் செய்துவிட்டார்கள் என்றால் அதற்காக இரவு முழுக்க முழித்திருக்கத் தேவையில்லை. கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் மட்டும் ஒரு இரவுகூடத் தாமதிக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலை, அன்றைக்கே மருந்து. பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்து கையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நீங்கள் தையல்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கைக்கு இறுக்கமாக ஒரு உறையை நீங்களே தைத்துப் போட வேண்டாம், துணியால் சுற்றிக் கட்டவும் வேண்டாம். அழுத்த உறை மணிக்கட்டில் கூட இறுக்கியும் மேலே போகப்போகத் தளர்ந்தும் இருக்க வேண்டும். கணக்குத் தவறி மேலே இறுகினால் நீர் கீழே பூட்டிக்கொள்ளும். அதை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும், பகலில் போட்டு இரவில் கழற்ற வேண்டும். உங்களுக்கு அது தேவையா என்பதைக் கொப்பியில் இருக்கிற எண்களைப் பார்த்துச் சொல்வோம்.

ஆனால் சட்டைக்குள் வைக்கிற செயற்கை மார்பை நீங்கள் தைக்கலாம். ஒரு பக்கம் பாரம் இல்லாவிட்டால் நாளடைவில் தோள் ஒருபக்கம் ஏறும், கழுத்தும் முதுகும் வலிக்கும், ஆகவே இது அழகுக்கு மட்டுமான காரியம் அல்ல. சிலிக்கனில் செய்தது கிடைத்தால் நல்லது, விலை கூட. பழைய நூல்சேலைத் துணி எடுங்கள், எத்தனை தடவை துவைத்ததோ அத்தனைக்கு மெதுமை. மற்றப் பக்கத்தின் அளவுக்கு இரண்டு வட்டம் வெட்டி, முன்பக்கத்துக்கு டாட் பிடித்துக் குவிவு கொடுங்கள். உங்களுக்கு நான் அதைச் சொல்லித் தர வேண்டுமா! இலவம்பஞ்சு வியர்வையில் கட்டிபடும். தலையணைக்குப் போடுகிற துவைக்கக்கூடிய செயற்கைப் பஞ்சு நல்லது. பாரத்துக்குச் சின்னப் பையொன்றில் பாசிமணியை இறுக்கித் தைத்து அடிப்பக்கம் வையுங்கள். தழும்போடு படுகிற பக்கத்தில் தையல் விளிம்பு வரக் கூடாது. பிறேசியரின் உள்ளே ஒரு பொக்கற் தைத்து அதற்குள் போட்டால் குனியும்போது விலகாது. கம்பி இல்லாத, பட்டி அகலமான பிறேசியராகப் பாருங்கள். எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வேண்டும், ஒன்று காய ஒன்று போட. கதிர் பட்ட தோல் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். போடாமலே நிம்மதியாகத் திரிகிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களையும் நான் பிழை சொல்ல மாட்டேன், தோளை நேராக வைத்திருக்கப் பழகினால் சரி.

கோயிலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நெடுநேரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரை நெடுக வைகாசியில் கதவு திறந்து, சடங்கு செய்து, குளிர்த்தி பாடி ஆற்றுகிற அந்தக் கண்ணகை அம்மன் யார், தங்கச்சி? தன் மார்பில் ஒன்றைப் பிய்த்தெறிந்தவ. அவவுக்கு முன்னால் நிற்க உங்களுக்கு என்ன வெட்கம்?

கணவரைப் பற்றி. விறாந்தையில் படுக்கிறவர்கள் எல்லாரும் வெறுத்துப் படுப்பதில்லை. 'நித்திரையில் என்ர கை பட்டு அவவுக்கு நொந்திடும்' என்று என்னிடம் தனியாகச் சொன்ன ஆண்கள் உண்டு. இது தொற்றுகிற நோய் என்று யாரோ சொன்னதை உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. இது தொற்றாது, ஒரு தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது, ஒரு கட்டிலில் படுத்தாலும் தொற்றாது, கணவன் மனைவியாக இருந்தாலும் தொற்றாது. அடுத்த கிளினிக்குக்கு அவரை வாசலில் இருத்திவிடாமல் உள்ளே கூட்டிப்போய் டொக்டரின் வாயாலேயே கேட்க வையுங்கள். கையின் கீழே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் நோகாமல் படுக்கலாம் என்று சொல்லுங்கள். தழும்பைக் காட்டுவதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம். கேட்டால் நான் சொல்வது: தழும்பில் எண்ணெய் போட்டு விரல்நுனியால் வட்டமாக உருவிவிட ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். தோல் ஆறியிருந்தால் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும், தோல் நெஞ்சோடு ஒட்டாமல் இளகும்.

மகள் விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஊருக்குப் பறையடிக்கச் சொல்லவில்லை. தரகருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மகளுக்கு முழுதும் தெரிந்திருக்க வேண்டும், அவளைக் கட்டப் போகிறவருக்கும் ஒளிக்கக் கூடாது. மார்புப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். தாய்க்கு வந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்பது பொய். தாய்க்கு வந்த பெண்ணுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடிய கவனம் வேண்டும் என்பது உண்மை. மாதம் ஒருமுறை தன் மார்பைத் தானே தடவிப் பார்க்கப் பழகட்டும். பொதுவாகத் தாய்க்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்னாலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்வார்கள், அவளுக்கு அது முப்பத்தாறு முப்பத்தேழு வயதளவில். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களின் உடல்நலம் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்கில் உங்கள் கதையைச் சொல்லி ஆலோசனை கேட்கலாம். உங்கள் அக்காவும் அங்கே போகட்டும். உங்களைப் பார்த்துக்கொள்வதில் தன்னைப் பார்க்காமல் விட்டிருப்பா. உங்கள் மற்ற மார்புக்கும் வருடம் ஒருமுறை மெமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

தமொக்சிபனைச் சூடேறுகிறது, வியர்க்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஐந்து வருடத்துக் குளிசை, சிலருக்குப் பத்து வருடமும் தருவார்கள். குளிசை எடுக்கும் காலத்தில் பிள்ளை தங்கக் கூடாது. பிறப்புறுப்பில் வழமையில்லாத இரத்தம் போனாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே காட்டுங்கள். அழுகை நிற்காமல், நித்திரையும் வராமல் இரண்டு கிழமை தாண்டினால் உளநலக் கிளினிக்குக்குப் போங்கள், ஆனால் தமொக்சிபன் குடிப்பதை அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும். சில மனச்சோர்வு மருந்துகள் அதன் வேலையைக் கெடுக்கும். களைப்புக்கு நடைதான் மருந்து. வெயில் ஏறுமுன் பத்து நிமிடம் தொடங்கி, மெல்ல மெல்ல அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள்.

பத்து மாதம் உழைப்பு இல்லை என்பதும் ஒரு நோய்தான். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, கிளினிக் கொப்பியைக் காட்டி, நோய் உதவிப் பணத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

கிளினிக் நாளில் உங்களுக்குப் பக்கத்தில் வாங்கிலில் இருக்கிற பெண்ணோடு பேசுங்கள். விடிய முதல் பஸ்ஸில் வந்து, முக்காட்டையோ முந்தானையையோ ஒரு பக்கம் இழுத்து மூடிக்கொண்டு இருப்பா, உங்களைப் போலவே. கல்முனையோ களுவாஞ்சிக்குடியோ, தமிழோ முஸ்லிமோ, அந்த வாங்கிலில் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் இருக்கிறார்கள். போன் நம்பர் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று பேர் சேர்ந்தால் பயிற்சி தவறாது. நீங்கள் தைக்கிற அந்தச் செயற்கை மார்பு சரியாக வந்தால் எனக்கு ஒன்று கொண்டுவந்து காட்டுங்கள். விலைக்குத் தருவீர்களானால் வாங்குவதற்கு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள், கூலியைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

வரும்போது ஓடர் கொப்பி, போட்டுக் கழற்ற இலேசான முன்திறப்புச் சட்டை, குடிக்கிற குளிசைகள், இவற்றோடு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கக்கத்துக்குக் கிட்ட அளவெடுக்க உங்களுக்கு ஒரு கை போதாது. நாடாவை எப்படிப் பிடிப்பது என்று அவவுக்கும் நான் காட்டித் தருகிறேன்.